முடிச்சுப் போடுவது ஆரு?

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாட்களில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைப் படித்துப் பைத்தியமாகத் திரிந்தவன் நான். இப்போது 45 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வெறும் கணக்குப்பிள்ளை. அந்தத் தீர்க்கதரிசி காட்டிய உலகத்துக்குள் இனியாவது நுழைய ஆசை. செயற்கைக்கோள் படங்களை வைத்து விவசாய நிலங்களை ஆராயும் படிப்பில் சேரலாமா? ஆன்லைனில் படிப்பதா, கல்லூரிக்கே போவதா? வயது போய்விட்டதோ என்று பயமாகவும் இருக்கிறது.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

வயதுப் பேச்சை விடுங்கள். அதற்குப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

‘வெறும் கணக்குப்பிள்ளை’ என்று எழுதினீர்களே, அங்கேதான் சுருக்கென்றது. உங்கள் கிளார்க் முதலில் என்ன உத்தியோகம் பார்த்தார் தெரியுமா? அரசாங்கத்தில் ஓய்வூதியக் கணக்குத் தணிக்கை. பல்கலைக்கழகத்தில் சேரக் கையில் காசில்லை. அப்புறம் போர் வந்தது, விமானப்படையில் ரேடார் வேலை. 1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் செயற்கைக்கோள் வழி ஒலிபரப்பு பற்றிய அவருடைய கட்டுரை வந்தபோது அவருக்கு 27 வயது. பட்டம் வாங்கியது அதற்குப் பிறகுதான்.

தீர்க்கதரிசி என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. கிளி ஜோசியரையா படித்தீர்கள்? கட்டுரையில் இருப்பது கணக்கு. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஒரு நாள் ஆகும். கீழேயிருந்து பார்த்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். மூன்றை நிறுத்தினால் உலகம் பூராவும் ஒலிபரப்பலாம். கணக்கு போட்ட இடத்தில் அவர் தப்பவில்லை. ஆரூடம் சொன்ன இடத்தில் சறுக்கினார்: அந்த நிலையங்களில் ஆட்கள் குடியிருப்பார்கள் என்று நினைத்தார். அன்றைக்கு வால்வு ரேடியோதான். பல்பு மாதிரி வால்வு எரிந்துபோனால் மாற்ற ஆள் வேண்டாமா? வால்வுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர் வந்தது 1947 கடைசியில்.

இதை 1992இல் சோமனூரில் என் மாமாவிடம் சொன்னேன். நாலு தறி ஓட்டிக்கொண்டிருந்தார், கூலி கட்டுபடியாகாத காலம். நான் சாக்கட்டியால் தறிக்கூடத் தரையில் வட்டம் போட்டு மூன்று புள்ளி வைத்தேன். அறுந்த பாவு நூலை முடிந்துகொண்டே பார்த்தவர் கேட்டார்: “அத்தன உசரத்துல நூலு அறுந்தா ஆரு போயி முடிச்சுப் போடுவாங்க மாப்ளெ?”

கிளார்க்கின் ஒரு வரியைக்கூட மாமா படித்ததில்லை. ஆனால் கிளார்க்குக்கு வந்த அதே சந்தேகம்!

மூன்று மாதத்தில் இரண்டு தறியை விற்று மொட்டைமாடியில் வலை டிஷ் ஒன்றை ஏற்றினார். அப்போது அவருக்கு 43 வயது. கிழக்கே 105.5 பாகையில் நின்ற ஏசியாசாட் என்ற செயற்கைக்கோளைப் பிடிக்க வேண்டும். சோமனூரிலிருந்து சுமார் 55 பாகை நிமிர்த்த வேண்டும் என்று நான் கணக்கு போட்டுக் கொடுத்தேன். என் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த கோணமானியில் பாவு நூலைக் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு அளந்தார். கீழே டிவியில் வெறும் புள்ளி மழை. “கெழக்கால ஒரு நூலு தட்டு... இன்னொரு நூலு...” தட்டினேன். அத்தை கீழேயிருந்து கத்தினார், படம் வந்துவிட்டதென்று. பிற்பாடு வீட்டுக்கு வீடு டிஷ் வைக்கும் டி.டி.எச். வந்து அந்தக் கேபிள் டிவி தொழிலும் நொடித்தது, அது வேறு கதை.

மாமாவின் பிழைப்பு அந்த முடிச்சுக் கேள்வியில் தொடங்கியது. நீங்களோ 25 வருடமாகக் கும்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி லெட்ஜரை மூடிவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருப்பீர்கள் என்பது எனக்குப் புரிகிறது.

ஆன்லைனோ கல்லூரியோ, எதுவானாலும் சரி. அதற்கு முன்னால் ஒரு கணக்கு. திருப்பூர் வடக்கே 11.1, கிழக்கே 77.3 பாகை. பூமியின் ஆரம் 6,378 கிலோமீட்டர், கோளின் உயரம் 35,786. கிழக்கே 83 பாகையில் நிற்கும் கோளைப் பிடிக்க உங்கள் மாடி டிஷ்ஷை எவ்வளவு நிமிர்த்த வேண்டும்? போட்டு அனுப்புங்கள். செய்முறை இல்லாத விடைக்கு மார்க் கிடையாது.