ஓட்டை சின்னதுதான், ஆனாலும்…

கேள்வி: ஐயா, எங்கள் அரிசி மில்லில் மோட்டார் மேடையை நான்கு இரும்புப் பட்டைகளில் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டிருக்கிறோம். பட்டையின் அகலம் 50 மில்லிமீட்டர். வயர் கட்ட ஒரு பட்டையின் நடுவில் 5 மில்லிமீட்டர் ஓட்டை போட்டேன். எட்டே மாதத்தில் ஓட்டையின் இடமும் வலமும் மயிரிழை விரிசல். பத்தில் ஒரு பங்கு இரும்புதானே போயிற்று? இன்னும் சின்னதாகப் போட்டிருந்தால் தப்பியிருக்குமா?
- வாசகர், பெகு

பதில்: தம்பி, முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். மேடைக்கு அடியில் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, நடுவில் வட்டமாகத் துளை போட்டு, சுற்றிலும் பேனாவால் கட்டம் போடுங்கள். மேலும் கீழுமாக இழுங்கள். துளையின் இடது, வலது ஓரத்துக் கட்டங்கள்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் நீளும். துளைக்கு நேர் மேலும் கீழும் ரப்பர் தொய்ந்து சுருக்கம் விழும். நான் ரங்கூனுக்கு எதிர்க்கரையில் உள்ள தலாவில் படகுப் பட்டறையில் சேர்ந்த புதிதில் மேஸ்திரி இப்படித்தான் காட்டினார். பிறகு எந்தப் பட்டையைத் தொட்டாலும் அந்த இரண்டு ஓரங்களைத்தான் முதலில் பார்ப்பேன்.

1898இல் கிர்ஷ் என்ற ஜெர்மன் பொறியாளர் இதற்குக் கணக்குப் போட்டார். அகலமான தகட்டில் வட்டத் துளை இருந்தால், பக்கவாட்டு ஓரத்தில் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் இழுவை, துளையைவிட்டுத் தள்ளி இருக்கும் இடத்தைப்போல மூன்று மடங்கு. மேல், கீழ் ஓரங்களிலோ இழுவையே இல்லை, அமுக்கம்தான். இதில் முக்கியமானது, அந்த மூன்று மடங்குக்கும் துளையின் அளவுக்கும் சம்பந்தமில்லை. 2 மில்லிமீட்டர் போட்டிருந்தாலும் ஏறத்தாழ அதே மூன்றுதான். ஓரத்தைவிட்டு ஓர் ஆரம் தள்ளிப் போனால், உங்கள் துளைக்கு இரண்டரை மில்லிமீட்டர், 1.22 மடங்காக இறங்கிவிடும். அவ்வளவு குறுகிய இடத்தில்தான் ஆபத்து முழுவதும்.

அப்படியென்றால் போட்ட அன்றே ஏன் அறவில்லை? மென்னிரும்பு அந்த ஓரத்தில் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து, பாரத்தைப் பக்கத்தில் பகிர்ந்துவிடும். ஆனால் மோட்டாரின் அதிர்வு நாள் முழுக்க ஒரே இடத்தை இழுத்து விட்டுக்கொண்டே இருக்கிறதே! துளையில் பிசிறு இருந்தால் விரிசல் அதில்தான் பிடிக்கும்.

படகுத் தகட்டில் விரிசல் ஓடினால் அதன் முனையில் துளை போட்டு, கூர்மையைப் போக்கித் தாமதப்படுத்துவோம். தலைக்கு மேல் பாரம் தாங்கும் பட்டைக்கு அது வேண்டாம். வெல்டிங் வைத்து அடைக்கவும் வேண்டாம். பட்டையை மாற்றுங்கள், வயருக்குக் கிளாம்ப் போடுங்கள். அப்புறம் மற்ற மூன்று பட்டைகளையும் எண்ணெய் போகத் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். இத்தனை நாளும் நான்காவதின் பாரத்தில் ஒரு பங்கை அவைதான் சுமந்திருக்கும்.