சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அந்தக் கேள்வி

கேள்வி: கணவரின் நண்பர் வீட்டுக்கு இரவு விருந்துக்குப் போயிருந்தோம். மொத்தம் 12 பேர். நண்பரின் மனைவி பரிமாறிக்கொண்டே, எல்லோர் முன்னாலும், "கல்யாணமாகி 6 வருஷமாச்சே, இன்னும் விசேஷம் இல்லையா, டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். நான் சிகிச்சையில் இருக்கிறேன். கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. எதிரே இருந்த இன்னொரு பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த மாதம் மறுபடி அழைத்திருக்கிறார்கள். உறவு கெடாமல் எப்படிச் சமாளிப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அவர் அக்கறையில்தான் கேட்டிருக்கலாம், ஆனால் 12 பேர் முன்னால் கேட்டால் அது அக்கறை ஆகாது. அவர் வீட்டில் சாப்பிட்டோம் என்பதற்காக, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

மறுபடி கேட்டால், "அதைப் பத்தி இங்க வேண்டாமே அக்கா" என்று மட்டும் சொல்லுங்கள், சொன்ன கையோடு அவர் பிள்ளைகளின் படிப்பையோ வேலையையோ விசாரித்துப் பேச்சை அவர் பக்கம் திருப்பிவிடுங்கள். விடாமல் கேட்டால் அதே வாக்கியம், அதே குரல், அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்று மரியாதைக்காகக்கூடச் சொல்லாதீர்கள், சொன்னால் எந்த டாக்டர், எவ்வளவு நாளா, யாருக்குக் குறை என்று கேள்விகள் வரிசை கட்டும். அதற்கும் மேலே போனால் கை கழுவ எழுந்துவிடுங்கள், இரண்டு நிமிஷத்தில் பேச்சு வேறு எங்காவது போயிருக்கும்.

ஆனால் இதில் முக்கியமான வேலை உங்கள் கணவருக்குத்தான். நண்பர் அவருடையவர். போவதற்கு முன்பே போன் செய்து, "அன்னைக்குக் கேட்டது அவளுக்கு ரொம்ப வலிச்சுது, இந்தத் தடவை அந்தப் பேச்சு வேண்டாம்னு வீட்டுல சொல்லிடு" என்று அவர்தான் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்கினார் என்றால் நீங்கள் அந்த விருந்துக்குப் போக வேண்டியதே இல்லை, அப்படிப் போகாமல் இருப்பது மரியாதைக்குறைவும் இல்லை.

அப்புறம், எதிரே தலை குனிந்த அந்தப் பெண். வயதுவந்தவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தைப்பேறின்மையைச் சந்திக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் அந்த மேஜையிலேயே இன்னொருவர் இருந்திருக்கலாம், அந்தக் கேள்வி அவர் மேலும் விழுந்திருக்கலாம். அடுத்த மாதம் போனால் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.