செக் இறையியலாளர் ஹ்ரோமாட்கா கம்யூனிஸ்ட் அரசின் கைப்பாவையா?

அப்படி ஒரே சொல்லில் முடித்துவிடுவது அநியாயம். யோசப் ஹ்ரோமாட்கா நாஜிகளிடமிருந்து தப்பி, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருந்தவர். 1947இல் அந்த வேலையை உதறிவிட்டு, செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராக் திரும்பினார். மறு ஆண்டே கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அவர் நாட்டைவிட்டுப் போகவில்லை. ஏழைகளைத் திருச்சபை கைவிட்டதும் கம்யூனிசம் எழுந்ததற்கு ஒரு காரணம், ஆகவே அதனுடன் பேசியே ஆக வேண்டும் என்று மனமார நம்பினார்.

அந்த நம்பிக்கை அவரைத் தவறான இடத்துக்கும் இட்டுச் சென்றது. 1956இல் ஹங்கேரியில் சோவியத் படை புகுந்ததை அவர் நியாயப்படுத்தியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 1958இல் கிறிஸ்தவ அமைதி மாநாடு என்ற அமைப்பைத் தொடங்கினார். சோவியத் அரசின் லெனின் அமைதிப் பரிசும் பெற்றார்.

ஆனால் 1968 ஆகஸ்டைப் பாருங்கள். நாட்டின் சீர்திருத்தங்களை நசுக்க, பிராக் தெருக்களில் சோவியத் டாங்கிகள். 79 வயது முதியவர் உட்கார்ந்து சோவியத் தூதருக்கே கண்டனக் கடிதம் எழுதுகிறார்: தன் வாழ்நாள் நம்பிக்கை உடைந்துபோனதையும், தான் உணரும் வெட்கத்தையும் மறைக்காமல். கைப்பாவை இப்படி எழுதாது. மறு ஆண்டு, தான் தொடங்கிய அமைப்பின் தலைமையிலிருந்தே விலகினார். அந்த டிசம்பரில் இறந்துபோனார்.