வட சென்னையில் அசேலியா பிழைக்குமா? ஊட்டியில் வாங்கி வந்த செடி மஞ்சளாகிக்கொண்டே போகிறதே?

எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் "சென்னை வெயிலுக்கு ஆகாது, தூக்கிப் போடுங்கள்" என்று முடித்துவிட்டார்கள். ஒருவர் "அதுவும் வட சென்னையிலா?" என்று சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். தண்டையார்பேட்டையில், இரண்டாவது மாடி வாடகை வீட்டில், என்னிடம் ஒரு அசேலியா உயிரோடு இருக்கிறது. நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. ஏசியும், குடிதண்ணீரைச் சுத்தம் செய்கிற ஆர்.ஓ. மெஷினும் சர்வீஸ் செய்கிறவன். படித்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன், கிண்டல் செய்தால் பதில் வராது.

நீங்கள் பூத்துக் குலுங்குகிற செடியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியிருப்பீர்கள். இங்கே வந்ததும் போர் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள், வேறு எதை ஊற்றுவது? இப்போது ஒரு புது இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சையாக, இடையில் எல்லாம் மஞ்சளாக இருந்தால் வெயிலைத் திட்டாதீர்கள். அது தண்ணீரின் வேலை. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பொரிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அசேலியா புளிப்பு மண்ணில் வளர்கிற இனம். மண்ணின் பி.எச். (புளிப்பைக் காட்டுகிற எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5 முதல் 6 வரை இருக்க வேண்டும். நம் பக்கத்து நிலத்தடி நீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம், ஊற்ற ஊற்ற பி.எச். ஏறும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் அப்போது வேரால் எடுக்க முடியாது. எலுமிச்சைச் சாறு, வினிகர் ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. இன்றைக்கு இறங்குகிற பி.எச். நாளைக்கு அதே போர் தண்ணீரில் மறுபடி ஏறிவிடும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பெரம்பூரில் என் பழைய கஸ்டமர் ஒரு அம்மா. பெங்களூரிலிருந்து ரோஸ் நிற அசேலியா கொண்டுவந்து வைத்திருந்தார். ஏசி சர்வீஸுக்குப் போனபோது செடி பாதி மொட்டையாக நின்றது. "ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணியத்தான் ஊத்துறேன் தம்பி, வீணாப் போகக் கூடாதுல்ல" என்றார். எனக்குப் பகீரென்றது. ஆர்.ஓ. மெஷின் நல்ல தண்ணீரைக் குழாய்க்கு அனுப்பிவிட்டு, பிரித்த உப்பை எல்லாம் அந்த வேஸ்ட் குழாயில்தான் தள்ளுகிறது. போர் தண்ணீரைவிட மோசம் அது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் பையில் இருந்தது, அதை விட்டுக் காட்டினேன். வேஸ்ட் தண்ணீரில் 2000-ஐத் தாண்டியது. அப்போதுதான் வெறும் தண்ணீரில் கழுவிவிட்ட ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீரில் 30-கூட இல்லை. காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர், அதில் உப்பு எங்கிருந்து வரும்? டிரெயின் குழாயை ஒரு பக்கெட்டில் விட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். கடல் பக்கத்து ஈரக் காற்றுக்கு, ராத்திரி முழுக்க ஏசி ஓடினால் ஒரு பக்கெட் நிறைந்துவிடும். செடிக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படுகிற கோடையில்தான் ஏசியும் அதிகம் ஓடும் என்பது ஒரு வசதி.

அடுத்த சர்வீஸுக்குப் போனபோது நுனியில் பச்சைத் துளிர். அப்புறம் அந்த அம்மா மகனோடு கனடாவுக்குக் கிளம்பியபோது செடியை என்னிடமே கொடுத்துவிட்டார். "வாடகை வீட்ல இது வேறயா?" என்று வீட்டில் ஒரு பாட்டு வாங்கினேன்.

அந்த அம்மா எப்போது போனாலும் காபி கொடுப்பார். இன்னொரு அடுக்குமாடியில் சர்வீஸ் ஆட்கள் லிஃப்டில் ஏறக் கூடாதாம். கேஸ் சிலிண்டரும் டூல் பையும் தூக்கிக்கொண்டு ஆறு மாடி ஏற வேண்டும், மேலே போனதும் "ஏன் இவ்வளவு லேட்?" என்று கேள்வி வரும். அந்த வீட்டு நாய்க்குட்டி லிஃப்டில்தான் போகிறது. சரி, அது உங்கள் கேள்வி இல்லை.

ஏசி தண்ணீரிலும் கவனிக்க ஒன்று உண்டு. ஏசியை ரசாயனம் போட்டுக் கழுவுகிற கெமிக்கல் வாஷ் செய்த அன்றைக்கும் மறுநாளும் சொட்டுவதைச் செடிக்கு விடாதீர்கள். அந்தத் தண்ணீரில் சத்தும் கிடையாது, அதனால் உரம் தனியாகப் போட வேண்டும். புளிப்பு மண் செடிகளுக்கான உரத்தைப் பாதி அளவில் கொடுங்கள். மாடித் தோட்டக்காரர்கள் எல்லாச் செடிக்கும் போடுகிற முட்டை ஓட்டுத்தூளும் அடுப்புச் சாம்பலும் இதற்கு விஷம். சுண்ணாம்பு அடித்த மொட்டை மாடித் தரையில் தொட்டியை வைக்காதீர்கள்.

அசேலியா வேர் தலைமுடிபோல மெல்லிசு, மேலாகவே படரும். ஆழத் தொட்டி வீண், அகலமானதாக மண் தொட்டி வாங்குங்கள். கறுப்பு பிளாஸ்டிக் வெயிலில் கொதித்துவிடும். கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) உப்புப் போக அலசிப் பிழிந்து, மக்கிய இலையும் கொஞ்சம் செம்மண்ணும் கலந்து, வேர்க்கட்டியின் மேல்மட்டம் மண்ணுக்குக் கீழே போகாமல் நடுங்கள். நர்சரியிலிருந்து வந்த அந்த வேர்க்கட்டி ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே வாங்காது, நீங்கள் ஊற்றுவது ஓரமாக வழிந்து அடியில் போய்விடும். அப்படியானால் தொட்டியோடு பக்கெட்டில் அமுக்கிக் குமிழி நிற்கும்வரை வையுங்கள். காலை வெயில் ஒன்பது மணிவரை போதும், பிறகு நிழல்.

பூ விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன். மொட்டு ஒழுங்காக விரிய, பத்து டிகிரிக்குப் பக்கத்தில் சில வாரம் குளிர் வேண்டும். நம் மார்கழி ராத்திரியே இருபதுக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. என் செடியில் தை மாதம் ஏதோ நாலைந்து பூ வருகிறது, எனக்கு அதுவே பெருமை. கொத்துக் கொத்தாக வேண்டுமென்றால் அடினியமோ இட்லிப் பூவோ வையுங்கள். ரோடோடென்ட்ரான் எல்லாமே இப்படி வளரும் என்றும் நான் சொல்லவில்லை. தாவரவியலில் அசேலியாவும் ரோடோடென்ட்ரான் இனம்தான், ஆனால் தொட்டபெட்டா பக்கம் சிவப்பாகப் பூக்கிற காட்டுப் பூவரசு மரத்தை இங்கே கொண்டுவந்து வதைக்க வேண்டாம்.

தெருவில் ஆடு மேய்கிற இடம் என்றால் வாசலில் வைக்காதீர்கள். இலை, பூ எல்லாமே விஷம், ஆட்டுக்கும் நாய்க்கும் ஆகாது. வாயில் போடுகிற வயதுக் குழந்தை இருந்தாலும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

இலையைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, தொட்டி விளிம்பும் தெரிகிற மாதிரி கீழே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை குறைவு, பார்த்துச் சொல்கிறேன்.