வேலூர்க் கோட்டையில் நாவல்களுக்கு ஓர் அறை

அன்புள்ள ஐயா,

என் மகன் ஸ்வீடனில் வேலை பார்க்கிறான். போன கோடையில் அங்கே போயிருந்தபோது ஸ்டாக்ஹோமில் உள்ள நோபல் பரிசு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே சாப்பிடும் இடத்தில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் நோபல் வாங்கியவர்களின் கையெழுத்து! ஊர் திரும்பியதும் பேத்தியை அழைத்துக்கொண்டு நம் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனேன். சிலைகள், கல்வெட்டுகள் எல்லாம் சரிதான். ஆனால் எழுத்தாளர்களுக்கென்று ஒன்றும் இல்லையே என்று பட்டது. சாகித்ய அகாதமி விருது வாங்கிய தமிழ் நாவலாசிரியர்களுக்கு இங்கே ஒரு கண்காட்சி வைத்தால் என்ன? விருதுப் பட்டயம், புகைப்படம், பேனா, மூக்குக்கண்ணாடி, கையெழுத்துப் பிரதி என்று வைக்கலாம். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர்,
காட்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக வைக்கலாம். கோட்டைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டு, அகழியோரம் போட்டோ எடுத்து முடித்து, வெயில் தாங்காமல் அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்குகிறவர்கள். வேலூர் வெயிலும் இலக்கியத்துக்கு ஆள் சேர்த்துவிட்டுப் போகட்டுமே.

ஆனால் உங்கள் பட்டியல் எனக்குச் சரியாகப் படவில்லை. சாகித்ய அகாதமியின் பட்டயத்தை வடிவமைத்தவர் சத்யஜித் ராய். அழகான பொருள்தான், ஒன்று போதும். இருபது பட்டயங்களை வரிசையாக வைத்தால் ஹெட்மாஸ்டர் அறையில் இருக்கும் கோப்பை அலமாரி மாதிரி ஆகிவிடும். மூக்குக்கண்ணாடியும் அப்படித்தான். யாருடைய கண்ணாடி என்று சீட்டு ஒட்டாவிட்டால் எல்லாம் ஒன்றுதான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பரிசு பெற்ற நாவல்கள் என்று கோடு கிழித்தால் யார் யார் வெளியே நிற்பார்கள் தெரியுமா? தி. ஜானகிராமனுக்கு 1979இல் விருது கிடைத்தது 'சக்தி வைத்தியம்' சிறுகதைத் தொகுப்புக்கு. அதனால் 'மோகமுள்' வெளியே. அசோகமித்திரனுக்கு 1996இல் கிடைத்ததும் சிறுகதைகளுக்குத்தான். 'பதினெட்டாவது அட்சக்கோடு' வெளியே. சுந்தர ராமசாமிக்கு அந்த விருதே கிடைக்கவில்லை. விருதுகளை நான் குறை சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் பல நாவல்கள் மறுபதிப்பே கண்டிருக்காது. ஆனால் அருங்காட்சியகச் சுவர் விருதுக் குழுவின் முடிவை அப்படியே பிரதி எடுக்க வேண்டியதில்லை.

நீங்கள் நோபலைச் சொன்னதால் எனக்குத் துருக்கி நாவலாசிரியர் ஓரான் பாமுக் ஞாபகம் வருகிறார். 2006இல் நோபல் வாங்கிய பிறகு இஸ்தான்புல்லில் ஒரு பழைய வீட்டை அருங்காட்சியகமாக்கி 2012இல் திறந்தார். அங்கே முன்னால் நிற்பது அவருடைய பதக்கமல்ல, 'அப்பாவித்தனத்தின் அருங்காட்சியகம்' என்ற அவர் நாவலின் பொருள்கள். நாவலில் 83 அத்தியாயங்கள், வீட்டில் 83 கண்ணாடிப் பெட்டிகள். நுழைந்ததும் ஒரு சுவர் முழுக்க 4,213 சிகரெட் துண்டுகள். கதாநாயகி குடித்துப் போட்டவை என்று கணக்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியே குத்தி, கீழே தேதியும் குறிப்பும் எழுதியிருக்கிறது. நடக்காத ஒரு காதலுக்கு இவ்வளவு சாட்சி! நாவலின் உள்ளே ஒரு நுழைவுச்சீட்டும் அச்சாகியிருக்கிறது. புத்தகத்தோடு போனால் அதில் முத்திரை குத்தி இலவசமாக உள்ளே விடுவார்கள்.

அவ்வளவு பணமும் பிடிவாதமும் நமக்கு இருக்காது. ஆனால் அந்த வழியில் யோசிக்கலாம். நம் வட ஆற்காட்டிலிருந்தே தொடங்குவோம். வாலாஜா பக்கத்து வேலம் கிராமத்துக்காரரான மு. வரதராசனுக்கு 1961இல் விருது வாங்கித்தந்தது 'அகல் விளக்கு'. வாலாஜாவும் பாலாறும் வரும் கதை. இன்றைக்குப் படித்தால் உபதேசம் கொஞ்சம் தூக்கல்தான். வேலய்யன் பக்கத்துக்குப் பக்கம் நல்லவனாக இருப்பது சில சமயம் சலிக்கும். ஆனால் சந்திரன் மறக்க மாட்டான். அழகன், கெட்டிக்காரன், தடம் மாறிக் கடைசியில் தொழுநோய் கண்டு அழிந்துபோகிறவன்.

அந்த நாவல் வெளிவந்தது 1958இல். உங்கள் காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை தொடங்கியது 1955இல். அதற்கும் முன்பே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தத் தொடங்கிவிட்டார். ஒரு பக்கம் சந்திரனின் விரல்களைக் கதையாசிரியர் கைவிடுகிறார், அதே மாவட்டத்தில் ஒரு மருத்துவர் அந்த விரல்களுக்குத் தசைநாண் மாற்றித் தைத்துக்கொண்டிருக்கிறார். இதை ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். நாவலின் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து, அருகில் ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு. உணர்ச்சி மரத்த பாதத்தில் புண் வராமலிருக்க மெத்தென்ற ரப்பரில் செய்வது, ஓர் ஆணிகூட இருக்காது. ஆணி காலில் ஏறினாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாது அல்லவா?

அடுத்தது 2012இல் விருது பெற்ற டி. செல்வராஜின் 'தோல்'. கதை திண்டுக்கல்லில் தோல் பதனிடும் டேனரித் தொழிலாளர்களைப் பற்றியது. ஆனால் டேனரிகளோடு வாழும் நம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக்காரர்களுக்கு யாரும் விளக்கவே வேண்டாம். ஆவாரம் பட்டை, கடுக்காய், தோலைச் சுரண்டும் கத்தி, ஒரு வாளி சுண்ணாம்பு, இவை போதும். நாற்றத்தைத்தான் பெட்டியில் வைக்க முடியாது.

கி.ரா., பூமணி, இமையம் என்று மற்றவர்களுக்கும் இப்படி யோசிக்கலாம். அவர்கள் மண்ணை அறிந்தவர்கள் சொல்லட்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே அந்த நாவலின் பிரதி ஒன்று, கண்ணாடிக்கு வெளியே, புரட்டிப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். கிழியும். கிழிந்தால் வேறு வாங்கி வைக்கலாம். உங்கள் பேத்தி கையில் எடுக்க முடியாத புத்தகத்தை எதற்கு அவளுக்குக் காட்ட வேண்டும்?

யாரிடம் கேட்பது என்பதுதான் உண்மையான சிக்கல். கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அருங்காட்சியகம் மாநில அரசுடையது. முதலில் அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கு ஒரு மனு எழுதுங்கள். மாவட்ட மைய நூலகத்துக்கும் நகல் போகட்டும். நானும் கையெழுத்துப் போடுகிறேன். செருப்பு கேட்டுக் கரிகிரிக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்.