ஆர்கேட் பெட்டி: மீற்றர் 5 வோல்ட் காட்டியும் விளையாட்டு ஏன் குழம்புகிறது?

மாங்குளத்தில் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கனடாவிலிருந்து வந்த பழைய ஆர்கேட் பெட்டி (காசு போட்டு வீடியோ கேம் விளையாடும் பெட்டி) ஒன்று வாங்கினேன். பத்து நிமிடம் ஓடினால் படம் குழம்பி, தானாகவே முதலிலிருந்து தொடங்குகிறது. பவர் சப்ளையில் 5.02, 12.4, −5.1 வோல்ட் சரியாகத்தான் இருக்கிறது. விளையாட்டின் சிப்புகள் உள்ள போர்ட் பழுதோ?"

போர்ட்டைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். நீங்கள் அளந்தது பவர் சப்ளையின் முனையில். இடையில் வயரும் கொனெக்டரும் தின்றதுபோக மிச்சம்தான் சிப்புக்குப் போகிறது. இந்தச் சிப்புகளுக்கு 4.75 முதல் 5.25 வரை வேண்டும். 4.7க்குக் கீழே இறங்கினால் நீங்கள் சொன்ன கோளாறுதான் வரும்.

பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே போர்ட்டில் அளந்து பாருங்கள். 14 கால் உள்ள 74 வரிசைச் சிப்புகளில் பெரும்பாலும் 14 ஆவது கால் 5 வோல்ட், 7 ஆவது கால் கிரவுண்ட். மீற்றரின் முனை பக்கத்துக் காலில் பட்டுவிடக் கூடாது. பிக்சர் டியூப் பக்கம் கையே போகக் கூடாது. அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட், நிறுத்திய பிறகும் நிற்கும். பவர் சப்ளையின் உள்ளேயும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம், மூடியைத் திறக்காதீர்கள்.

போர்ட்டில் 4.65 வருகிறது என்று வையுங்கள். 0.37 வோல்ட் எங்கே போனது? சிவப்பு முனையைப் பவர் சப்ளையின் 5 வோல்ட் திருகிலும், கறுப்பு முனையைப் போர்ட்டின் 5 வோல்ட்டிலும் வையுங்கள். அதில் 0.08 தான் என்றால் அந்த வழி பரவாயில்லை. அடுத்து கிரவுண்டிலிருந்து கிரவுண்டுக்கு இப்படியே பாருங்கள், மீதி 0.29 அங்கே இருக்கும். பலர் கிரவுண்டை அளப்பதே இல்லை, ஆனால் போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருவது அதன் வழியாகத்தான்.

உங்களுடையது ஜாம்மா முறைப் பெட்டி என்றால் (போர்ட்டைப் பெட்டியோடு இணைக்க 1985இல் வந்த பொது வயர் முறை அது), போர்ட்டின் விளிம்புக் கொனெக்டரில் பாகங்கள் இருக்கும் பக்கத்தில் 1, 2 ஆம் கால்கள் கிரவுண்ட், 3, 4 ஆம் கால்கள் 5 வோல்ட். அவற்றுக்கு நேர் பின்புறமும் அதுவே. அங்கே பழுப்பேறியோ கருகியோ இருக்கிறதா என்று பாருங்கள். வன்னிச் செம்மண் தூசி கொனெக்டருக்குள் நன்றாகவே குடியேறும். கரண்டை நிறுத்தி, போர்ட்டின் விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடையுங்கள். கருகிய கொனெக்டரைத் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

பவர் சப்ளையில் உள்ள சிறு திருகைக் கூட்டி 5 வோல்ட்டை ஏற்றிவிடலாமே என்று தோன்றும். தொடர்பைச் சரிசெய்யாமல் அதைத் தொடாதீர்கள். பல சப்ளைகளில் 12 வோல்ட்டும் கூடவே ஏறும்; கொனெக்டர் நன்றாகப் பிடிக்கும் நாளில் சிப்புக்கு 5.25 தாண்டிப் போகும். துடைத்த பிறகும் போர்ட்டில் குறைந்தால் மட்டும், போர்ட்டிலேயே அளந்தபடி 5.0 வரை சிறிது சிறிதாகத் திருப்புங்கள்.

−5 வோல்ட் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பல போர்ட்டுகள் அதைத் தொடுவதே இல்லை.

சரி, சூடேறிய பிறகு பவர் சப்ளையின் முனையிலேயே 5 வோல்ட் இறங்குகிறதென்றால் அதன் கப்பாசிற்றர்கள் காய்ந்திருக்கலாம். ரிவி திருத்துபவரிடம் கொடுத்து, 105 பாகை என்று அச்சிட்டவற்றையே போடச் சொல்லுங்கள். 85 பாகையானவை நம் ஓகஸ்ட் வெயிலில் மூடிய பெட்டிக்குள் நெடுநாள் நிற்காது.