குமாரமங்கலம் பலகை: அச்சுக்குப் போகும் முன் மாற்ற வேண்டியவை

தம்பி, இந்திய ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் பற்றி, கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை நூலகப் பலகைக்கு நீங்கள் போட்டிருந்த வரைவைப் பார்த்தேன். '1965 போரை நடத்திய தலைமைத் தளபதி' என்ற தலைப்பை எடுத்துவிடுங்கள். அந்த இந்திய-பாகிஸ்தான் போரின்போது தலைமைத் தளபதி ஜெனரல் ஜே.என். சௌத்ரி. குமாரமங்கலம் அந்தப் பொறுப்பில் இருந்தது 1966 ஜூன் முதல் 1969 ஜூன் வரை. சிக்கிம் எல்லையில் சீனாவுடன் நாதுலா, சோலா மோதல்கள் நடந்த 1967 அவர் காலம்தான். தலைப்புக்கு அதுவே போதும். மலையாளப் பத்தியிலும் திருத்துங்கள்.

நடுப்பகுதியில் 1942-க்கு இரண்டே வரி கொடுத்திருக்கிறீர்கள். அநியாயம்! 1933-இல் அதிகாரியான பீரங்கிப்படைக்காரர் அவர். லிபியாவில் பீர் ஹக்கீம் அருகே அந்த மே மாதம் இத்தாலிய டாங்கிகள் மேலேறி வந்தபோது, அவருடைய படையினர் 25-பவுண்டர் பீரங்கிகளால் நேருக்கு நேர் குறிவைத்துச் சுட்டார்கள். அந்தச் சண்டைக்குத்தான் டி.எஸ்.ஓ. (Distinguished Service Order) என்ற பிரிட்டிஷ் ராணுவப் பதக்கம். பிடிபட்டு, இத்தாலியில் தப்பி, மறுபடி சிக்கி ஜெர்மன் முகாமுக்குப் போனார். இதற்குக் கால் பலகையாவது ஒதுக்குங்கள்.

ஓவியரிடம் தோள் சின்னத்தைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். 1942 படத்தில் மேஜர் தோளில் கிரீடம் வரவேண்டும். அசோகச் சிங்கம் 1950-க்குப் பிறகுதான். ஜெனரல் படத்தில் குறுக்காக வைத்த வாளும் கோலும், மேலே ஒரு நட்சத்திரம், அதற்கும் மேலே சிங்கம். நட்சத்திரத்தை விட்டால் லெப்டினன்ட் ஜெனரல் ஆகிவிடும். சிங்கத்தை விட்டால் மேஜர் ஜெனரல். நான்கு நட்சத்திரம் காலர் பட்டையில் வரும், தோளில் அல்ல. பெரும்பாலும் இங்கேதான் தப்பு நடக்கிறது.